இன்னைக்கு என்ன கிழமை?

வேளாங்கண்ணியில் கும்பிட்டுவிட்டு கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக ராமேஸ்வரம் போகிறவர்கள் வழியில் எனக்குப் போன் போடுவது வழக்கமாகிவிட்டது. சொந்தக்காரர்கள், கூடப் படித்தவர்கள், கூடப் படித்தவர்களோடு வேலை பார்ப்பவர்கள். எல்லாருக்கும் கேள்வி ஒன்றுதான்: "உங்க ஊர்கிட்ட வந்துட்டோம். மீன் சாப்பாட்டுக்கு நல்ல ஹோட்டலா ஒண்ணு சொல்லுங்க."

"இன்னைக்கு என்ன கிழமை?" என்று திருப்பிக் கேட்பேன். கடைக்கு வழி கேட்டால் பஞ்சாங்கம் பார்க்கிறானே என்று நினைப்பார்களோ என்னவோ, கொஞ்ச நேரம் சத்தமே வராது. போனில் எல்லாவற்றையும் சொல்லி முடிப்பதற்குள் கார் மீமிசலைத் தாண்டிவிடுகிறது. அதனால் இங்கே எழுதி வைக்கிறேன். இனிமேல் கேட்பவர்களுக்கு இதை அனுப்பிவிடலாம்.

புதுக்கோட்டை மாவட்டத்துக்குக் கடல் இருக்கிறது என்பதே சிலருக்குப் புதுத் தகவல். குடைவரைக் கோயில், மன்னர் அரண்மனை, வறண்ட கண்மாய், இதுதான் அவர்கள் மனதில் இருக்கும் புதுக்கோட்டை. வடக்கே கட்டுமாவடியில் தொடங்கி, மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மீமிசல், கோபாலப்பட்டினம் என்று ராமநாதபுரம் மாவட்ட எல்லை வரைக்கும் 40 கிலோமீட்டர் சொச்சம் கடற்கரை எங்களுக்கு உண்டு. அதில் விசைப்படகு பெரிய அளவில் கட்டியிருக்கும் தளங்கள் இரண்டு: கோட்டைப்பட்டினமும் எங்கள் ஊரான ஜெகதாப்பட்டினமும். மாவட்டத் தலைநகரம் 60 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது. ஆஸ்பத்திரி, துணிக்கடை, கல்யாணச் சாமான் எதுவானாலும் எங்களுக்கு முதலில் அறந்தாங்கிதான்.

முதலில் ஓர் ஏமாற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். இந்த ஊர்க்காரன் எவனும் மீன் சாப்பிட ஹோட்டலுக்குப் போவதில்லை. காலையில் தளத்துக்குப் போனால் கையில் ஒரு பையில் மீனோடுதான் வீடு திரும்புகிறோம். கூலியோடு கொஞ்சம் மீன் கொடுப்பார்கள், தெரிந்தவர் கூப்பிட்டுக் கொடுப்பார், ஒன்றுமில்லாவிட்டால் ஒரு கூறு காசு கொடுத்து வாங்குவோம். வீட்டில் மத்தியானம் மீன் குழம்பு, ராத்திரி மிச்சக் குழம்பு, மறுநாள் காலை பழைய சோற்றுக்குச் சுண்ட வைத்த அதே குழம்பு. இப்படி வாரம் முழுக்க மீனில் முங்கிக் கிடப்பவன் ஒருநாள் காசு கொடுத்து வெளியே சாப்பிடப் போனால் என்ன கேட்பான்? பரோட்டா கேட்பான். கோழி கேட்பான். ஆட்டுக்கறி பிரியாணி கேட்பான். எங்கள் ஊர் ஹோட்டல்கள் அவனுக்காகத்தான் அடுப்பு மூட்டுகின்றன. வெளியூர்க்காரருக்காக வாசலில் 'மீன் சாப்பாடு தயார்' என்று பலகை வைத்திருப்பார்கள். உள்ளே மாஸ்டரின் மனசு முழுக்க பரோட்டாக் கல்லில்தான் இருக்கும்.

ஆக, ராத்திரி ஏழு மணிக்கு மேல் இந்தப் பக்கம் வருகிறவர்கள் மீனை மறந்துவிட்டு பரோட்டாக் கடையில் உட்கார்ந்தால் ஏமாற மாட்டார்கள். பேர் சொல்லிப் பரிந்துரைக்க நான் தயாரில்லை. மாஸ்டர் மாறினால் கடை மாறிவிடும், மாஸ்டர்கள் இங்கே சீக்கிரம் மாறுகிறார்கள். நான் பார்ப்பது இரண்டு விஷயம். ஒன்று, கல்லில் இருந்து எடுத்ததும் நாலைந்தை அடுக்கி இரண்டு கையாலும் பக்கவாட்டில் அடிக்கிறாரா என்று. அடித்தால்தான் அடுக்கு பிரியும். இன்னொன்று, சால்னா எந்தப் பாத்திரத்தில் இருக்கிறது என்று. பெரிய அண்டாவில் தனியாகக் கொதித்துக்கொண்டிருந்தால் அது வெறும் சால்னா. கறிக் குழம்புச் சட்டியின் மேல் மிதப்பதை அகப்பையால் ஒதுக்கி ஊற்றினால் அந்தக் கடையில் தைரியமாக உட்காரலாம். "பாய், கொஞ்சம் கெட்டியா ஊத்துங்க" என்று கேட்டால் கெட்டியாகவே ஊற்றுவார்கள். கேட்காதவனுக்குத் தண்ணியாகத்தான் வரும், அது எந்த ஊரிலும் அப்படித்தான்.

இந்தக் கடற்கரையில் பரோட்டாவுக்கு இவ்வளவு மரியாதை இருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இங்கேயிருந்து மலேசியா, சிங்கப்பூர் போனவர்களில் நிறையப் பேர் போய் இறங்கியது சாப்பாட்டுக் கடைகளில். மலேசியாவில் 'மாமாக் கடை' என்று சொல்கிறார்களே, விடிய விடியத் திறந்திருக்கும் தமிழ் முஸ்லிம் கடைகள், அங்கே மாவு பிசைந்து, தட்டு கழுவி, பிறகு கல்லுக்கு வந்து, பிறகு கல்லாவுக்கு வந்தவர்கள் இந்த மாவட்டத்திலும் ராமநாதபுரத்திலும் ஏராளம். அங்கே 'ரொட்டி சானாய்' என்று விற்பது நம் பரோட்டாவின் தம்பிதான். திரும்பி வந்தவர்களில் சிலர் இங்கே கடை போட்டார்கள். சில கடைகளில் டீயை ஒரு முழம் தூக்கி ஆற்றுவதைப் பார்த்தாலே ஆள் எங்கே வேலை பார்த்தவர் என்று தெரிந்துவிடும். நூடுல்ஸை அவர் 'மீ' என்றுதான் சொல்வார். கேட்டால் கோலாலம்பூர்க் கதை ஒன்று இலவசமாகக் கிடைக்கும், அவசரமிருந்தால் கேட்காதீர்கள்.

சரி, மீனுக்கு வருகிறேன். கிழமைக்கும்.

பாக் நீரிணையில் ராமேஸ்வரம் முதல் எங்கள் ஊர் வரைக்கும் ஒரு முறை இருக்கிறது. வாரத்தில் மூன்று நாள் விசைப்படகு, நாலு நாள் நாட்டுப்படகு. கடல் ஒன்று, வலை இரண்டு விதம், இழுவை வலை போகிற நாளில் நாட்டுப்படகுக்காரரின் வலை அறுந்து போகும் என்பதால் இப்படிப் பிரித்துவிட்டார்கள். திங்கள், புதன், சனி விசைப்படகுகள் மீன்வளத் துறையில் டோக்கன் வாங்கிக்கொண்டு போகும், மறுநாள் காலை திரும்பும். அதாவது செவ்வாய், வியாழன், ஞாயிறு காலையில் தளம் நிரம்பியிருக்கும். மற்ற நாட்களில் நாட்டுப்படகு மீன்தான். அளவு குறைவு, ஆனால் கரைக்குப் பக்கத்தில் பிடித்து அன்றைக்கே வந்தது.

இது தெரிந்தால் கணக்கு எளிது. திங்கட்கிழமை மத்தியானம் மெயின் ரோட்டுக் கடையில் பெரிய வஞ்சிரம் துண்டு கேட்டால், அது ஐஸில் எத்தனை நாள் தூங்கியது என்று அந்தக் கடைக்காரருக்கே தெரியாமல் இருக்கலாம். அதே கடையில் ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு மணிக்குக் கேட்டால் கதை வேறு. நாட்டுப்படகு நாளில் பெரிய மீனைக் கேட்காதீர்கள், நண்டு, கணவாய், கிழங்கான், சூடை கேளுங்கள்.

பெரிய மீனைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். தளத்தில் ஏலம் முடிந்த கையோடு நல்ல மீன் ஊரைவிட்டுப் போய்விடுகிறது. இறாலும் கணவாயும் நண்டும் கம்பெனிக்காரர்களிடம் போகின்றன. வஞ்சிரம், பாறை, கொடுவா, வௌவால் எல்லாம் பெட்டியில் ஐஸ் அடைத்து வெளியூர் லாரிகளில் ஏறிவிடும். மதுரையிலும் திருச்சியிலும் உட்கார்ந்து சாப்பிடுகிறவருக்குக் கிடைப்பது ஜெகதாப்பட்டினத்து மத்தியானச் சாப்பாட்டுக் கடைக்குக் கிடைப்பதில்லை. கட்டுப்படியாகாது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஊர் பிழைப்பதே அந்த லாரிகளால்தான்.

கரையில் தங்குவது சின்ன மீன். என்னைக் கேட்டால் அதுதான் மீன். காரப்பொடி, நகரை, சூடை, ஊடகம், கிழங்கான், ஓரா, மடவை, வாளை, திருக்கை. இதில் காரப்பொடி முள்ளாக இருக்கும், விலை மலிவு, பட்டணத்துக்காரர்கள் பார்த்ததும் முகம் சுளிப்பார்கள். மஞ்சள், சீரகம், சின்ன வெங்காயம் தட்டிப் போட்டு, புளி கொஞ்சமாகக் கரைத்துத் தண்ணியாக ஒரு குழம்பு வைத்தால், சட்டியின் அடியில் சோறு போட்டுப் பிசைந்து சாப்பிடும் ஆட்கள் நாங்கள். கிழங்கான் முள் குறைந்த மீன், சதை வெள்ளையாக இருக்கும், குழந்தைகளுக்குக் கொடுக்கலாம். திருக்கையைக் கொஞ்சம் பூண்டு தூக்கலாகப் போட்டு வைக்க வேண்டும். பால் சுறா கிடைத்தால் புட்டு. பிள்ளை பெற்ற வீட்டுக்கு அது மருந்து மாதிரி. ஹோட்டலில் சுறாப்புட்டு என்று எழுதியிருந்தால் சுறாதானா என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

ஓரா மீனைப் பற்றித் தனியாகச் சொல்ல ஆசை. எங்கள் கடல் ஆழமில்லாத கடல். ராமேஸ்வரத்துக்காரர்கள் இந்தப் பக்கத்தைப் பெண்கடல் என்றும் மன்னார் வளைகுடாப் பக்கத்தை ஆண்கடல் என்றும் சொல்வார்கள். இங்கே அலை கிடையாது, கால் நனைக்க வந்தவர்கள் இது ஏரியா என்று கேட்கிறார்கள். அடியில் கடல்புல் மண்டிக் கிடக்கிறது. ஓரா அந்தப் பச்சையை மேய்கிற மீன், குடலைச் சரியாக எடுக்காவிட்டால் நாற்றம் குழம்பையே கெடுத்துவிடும். முதுகு முள் குத்தினால் கை ஒருநாள் முழுக்கக் கடுக்கும். பக்குவம் தெரிந்த கை கழுவினால் இதற்கு இணையான குழம்பு மீன் கிடையாது. அதே கடல்புல்லைத்தான் கடல்பசுவும் மேய்கிறது. எங்கள் தாத்தாமார் காலத்தில் ஆவுளியா என்று சொல்லி அதன் கறியைச் சாப்பிட்ட கதைகள் இந்தக் கரை முழுக்க உண்டு. இப்போது அதைத் தொட்டால் ஜெயில். 2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டரைக் கடல்பசுப் பாதுகாப்பகமாக அரசு அறிவித்தது, நாட்டிலேயே முதலாவது. வலையில் மாட்டினால் எங்கள் ஆட்கள் அறுத்து விட்டுவிடுகிறார்கள், அதற்கு வனத்துறை பரிசும் கொடுக்கிறது. புல் இருந்தால்தான் நண்டு, நண்டு இருந்தால்தான் நாம். அவ்வளவு சுயநலமாவது வேண்டுமே.

நண்டு. இந்த ஊருக்கு வந்து வஞ்சிரம் கேட்பவரைப் பார்த்தால் எனக்குப் பரிதாபமாக இருக்கும். எங்கள் கடலின் சொத்து நீலக்கால் நண்டு. ஆண் நண்டுக்குத்தான் அந்த நீலம், பெண் நண்டு மண் நிறத்தில் இருக்கும். திருப்பிப் போட்டு வயிற்று மடலைப் பாருங்கள்: குறுகலாக, கூர்மையாக இருந்தால் ஆண், அரைவட்டமாக அகன்றிருந்தால் பெண். மடலுக்கு வெளியே சினை தள்ளிக்கொண்டு நிற்கும் நண்டை வாங்காதீர்கள். விற்கிறவர் கோபித்தாலும் பரவாயில்லை, அது அடுத்த வருஷத்து நண்டு. கையில் எடுத்தால் கனமாக இருக்க வேண்டும். பௌர்ணமியை ஒட்டிப் பிடித்த நண்டில் சதை இருக்காது, அமாவாசை நண்டுதான் நிறைந்திருக்கும் என்பது பெரியவர்கள் கணக்கு. விஞ்ஞானம் என்ன சொல்கிறதோ, நானும் அமாவாசை பார்த்துத்தான் வாங்குகிறேன்.

இந்த நண்டின் பெரும்பங்கு சாப்பாட்டுக் கடைக்கு வருவதே இல்லை. அவித்து, ஓடு உடைத்து, சதையைப் பிரித்து டப்பாவில் அடைத்து அமெரிக்கா போகிறது. பாக் நீரிணைக் கரையில் நண்டுச் சதை பிரிக்கும் வேலையில் இருப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். கம்பெனி கழித்துப்போடும் சின்ன நண்டும் கால் ஒடிந்த நண்டும் நமக்கு. கால் ஒடிந்தால் ருசி ஒடியாது. ரசம் வைக்க அதுதான் தோது. காலையும் கொடுக்கையும் அம்மியில் தட்டிப் போட்டு மிளகு தூக்கலாக ஒரு ரசம். உடம்பை நண்டு மசாலாவாகப் பிரட்டல். நம் ஊர்ச் சாப்பாட்டுக் கடைகளில் மத்தியானம் இது இருக்கிறதா என்று கேட்டு, இருக்கிறது என்றால் மீன் வறுவலை விட்டுவிடுங்கள். வெள்ளைச் சட்டை போட்டு வராதீர்கள். சென்னையில் 'செட்டிநாடு நண்டு' என்று பலகை வைத்து விற்பதைப் பார்க்கும்போது எனக்கு ஒரு சின்ன எரிச்சல் வரும். காரைக்குடி வீட்டுச் சமையல் கைப்பக்குவம் பெரியது, மறுக்கவில்லை. ஆனால் காரைக்குடியில் கடல் ஏது? நண்டு ஏறிப்போன கரைக்கும் ஒரு பேர் உண்டு, அதை எந்தப் பலகையிலும் நான் பார்த்ததில்லை.

நல்ல மீன் குழம்பு எங்கே கிடைக்கும் என்று உண்மையாகக் கேட்டால், கரையில் இல்லை. போட்டில். ராத்திரி கடலில் தங்குகிற விசைப்படகில் அடுப்பு, அரிசி, மிளகாய்த்தூள், புளி, எண்ணெய் எல்லாம் ஏறும். வலையில் வந்ததில் ஏலத்துக்குத் தேறாத மீனை அப்போதே வெட்டி, கடல் தண்ணியிலேயே அலசி, வெங்காயம் தக்காளி இருந்தால் போட்டு, இல்லாவிட்டால் இல்லாமலே ஒரு குழம்பு. தேங்காய் கிடையாது, தாளிப்பு கிடையாது. மீனின் ருசி மட்டும் இருக்கும். அதைச் சாப்பிட்டவன் எந்த ஹோட்டல் குழம்பையும் முழு மனதோடு பாராட்ட மாட்டான், நான் உட்பட. வெளியூர்க்காரர்களை போட்டில் ஏற்ற மாட்டார்கள், கேட்காதீர்கள்.

அக்கம்பக்கத்து ஊர்களுக்கு வருவோம்.

கோட்டைப்பட்டினம் பக்கத்து ஊர். ராவுத்தர் அப்பா தர்காவுக்கு வியாழக்கிழமை ராத்திரி எல்லா மதத்து ஆட்களும் வருவார்கள். கந்தூரி சமயத்தில் ஊரே அடையாளம் தெரியாமல் மாறிவிடும். அங்கேயும் கோபாலப்பட்டினத்திலும் மீமிசலிலும் நீங்கள் தேட வேண்டியது நெய்ச்சோறும் தாளிச்சாவும். கத்திரிக்காய், மாங்காய், பருப்பு, எலும்புக்கறி எல்லாம் ஒன்றாக வெந்த தாளிச்சா நன்றாக அமைந்துவிட்டால் கறியே வேண்டாம். சங்கடம் என்னவென்றால் இதில் சிறந்தது கடையில் இருக்காது, கல்யாண வீட்டில் இருக்கும். இந்தக் கரையில் முஸ்லிம் நண்பர் இருந்தால் கல்யாணப் பத்திரிகை வந்ததும் மொய்யைப் பற்றி யோசிக்காமல் கிளம்பிவிடுங்கள். இன்னும் வடக்கே அதிராம்பட்டினம் வரை போனால் ஒரே தாம்பாளத்தைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடும் சஹன் விருந்து பார்க்கலாம். தெரியாத மனிதரோடு ஒரே தட்டில் கை வைக்கக் கூச்சப்படுகிறவர்கள் முதல் இரண்டு கவளத்தில் பழகிவிடுவார்கள். அதே அதிராம்பட்டினத்தில் சாயந்திரம் 'வாடா' என்று ஒன்று கிடைக்கும். அரிசி மாவுக்குள் இறாலும் தேங்காயும் வெங்காயமும் வைத்துப் பொரித்தது. ஒன்று சாப்பிட்டால் போதும் என்று தோன்றும், போதாது.

ரமலான் மாதத்தில் சாயந்திரம் இந்தப் பக்கம் வந்தால் ஹோட்டலே தேவையில்லை. பள்ளிவாசல்களில் நோன்புக் கஞ்சி காய்ச்சுவார்கள், அசர் தொழுகைக்குப் பிறகு தூக்குவாளியோடு ஊர்ப் பிள்ளைகள் வரிசையில் நிற்கும். நோன்பு வைத்தவரா என்று யாரும் கேட்பதில்லை. எங்கள் தெருவில் முக்கால்வாசி வீடுகளில் அந்த மாதம் ராத்திரிச் சமையல் கொஞ்சம் தாமதமாகத்தான் தொடங்கும்.

வடக்கே கட்டுமாவடி. தஞ்சாவூர் மாவட்ட எல்லை. ரோட்டோரத்திலேயே மீன் மார்க்கெட், இந்தச் சுற்றுவட்டாரத்தில் மீன் வாங்கப் போகிற எல்லாருக்கும் தெரிந்த இடம். பட்டுக்கோட்டை, பேராவூரணி, அறந்தாங்கி ஆட்கள் ஞாயிற்றுக்கிழமை வண்டி போட்டு வருகிறார்கள். சாப்பிடுகிற இடமென்று சொல்ல மாட்டேன், வாங்குகிற இடம். காலையில் சீக்கிரம் போக வேண்டும், பேரம் பேசத் தெரிய வேண்டும். "அக்கா, பார்த்துப் போடுங்க" என்றால் ஒரு கை கூட விழும். செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டு மூக்கைச் சுளித்தால் மறுபடி அந்த அக்காவிடம் மீன் வாங்க முடியாது.

உள்ளே மேற்கே போனால் ஆவுடையார்கோயில். மாணிக்கவாசகர் கட்டியதாகச் சொல்லும் திருப்பெருந்துறை. கல்லில் செதுக்கிய கூரைக் கொடுங்கையைப் பார்க்க வருகிறவர்கள் கழுத்து வலியோடு திரும்புவார்கள். சாப்பாட்டுப் பதிவில் அதற்கு என்ன இடம் என்றால், அங்கே சாமிக்குப் படைக்கிற முறைதான். ஆத்மநாதர் சன்னதிக்கு முன்னால் ஒரு படைகல் இருக்கிறது. புழுங்கல் அரிசிச் சோற்றை வடித்த சூட்டோடு கொண்டுவந்து அந்தக் கல்லில் பரப்பிவிடுவார்கள். அதிலிருந்து எழும் ஆவிதான் நைவேத்தியம். லிங்கம் இல்லாத சன்னதி, ஆவுடை மட்டும். உருவமில்லாதவருக்கு ஆவி போதும் போலிருக்கிறது. கூடக் கீரையும் பாகற்காயும். சர்க்கரைப் பொங்கலும் புளியோதரையும் தேடுகிற சாமிகளுக்கு நடுவில், குடியானவன் வீட்டு மத்தியானச் சோற்றைக் கேட்கிற சாமி. மீன் வாடையே ஆகாது என்று கூட வந்திருப்பவர் யாராவது அடம்பிடித்தால் ஆவுடையார்கோயில் கடைத்தெருவில் சைவச் சாப்பாடு கிடைக்கும். பிரமாதம் என்று சொல்ல மாட்டேன். வயிறு நிறையும்.

அறந்தாங்கியில் எல்லாம் இருக்கிறது, அதனாலேயே சொல்வதற்கு அதிகம் இல்லை. பேருந்து நிலையத்தைச் சுற்றி விடிகாலையில் ஆட்டுக்கால் பாயாவோடு இடியாப்பம் விற்கும் கடைகள் மட்டும் என் பட்டியலில் நிரந்தரம். படகுக்குச் சாமான் வாங்கப் போகும் எங்கள் ஆட்கள் வேலையை முடிப்பதற்கு முன்னால் அங்கே உட்காருவார்கள். ஆட்டுக்குடல், ரத்தப் பொரியல், ஈரல் இதையெல்லாம் மீனவன் ருசித்துச் சாப்பிடுவதைப் பார்க்க வேண்டும். நீங்கள் நண்டைப் பார்த்து வாயூறுவது போல. புதுக்கோட்டை டவுன் வரை போகிறவர்கள் பரோட்டாவுக்கு முட்டை மாஸ் கேளுங்கள். அவித்த முட்டையை நறுக்கி, வெங்காயம் தக்காளி மசாலாவில் போட்டு, சால்னா ஊற்றிப் பிரட்டியது. அந்த ஊர்க் கல்லில் வந்தால்தான் அது அது. எங்கள் ஊரிலும் போடுகிறார்கள், நான் அதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

தெற்கே மீமிசல் தாண்டி முத்துக்குடாவில் அலையாத்திக் காட்டைப் பார்க்கலாம், சாப்பாட்டை முடித்துக்கொண்டு போங்கள். தொண்டி ராமநாதபுரம் மாவட்டம். அங்கத்துக்காரர் யாராவது எழுதட்டும்.

இரண்டு எச்சரிக்கை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். முன்னால் 45 நாளாக இருந்ததை 2017-இல் நீட்டினார்கள். அந்தச் சமயத்தில் விசைப்படகு கரையில் கிடக்கும், நாட்டுப்படகு மட்டும் போகும். அப்போது மெயின் ரோட்டுக் கடைகளில் பெரிய மீன் தாராளமாகக் கிடைக்கிறது என்றால் அது எங்கள் கடல் மீன் இல்லை. மேற்குக் கரையில் தடை ஜூனில்தான் தொடங்கும் என்பதால் அங்கேயிருந்து ஐஸ் பெட்டியில் வந்திருக்கும். கோடை விடுமுறைக்குக் குடும்பத்தோடு வருகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நாட்டுப்படகு நண்டு, கணவாய் கிடைத்தால் விலை கூடத்தான் இருக்கும், கொடுத்துவிடலாம். கணவாயில் ஊசிக் கணவாய் என்றால் வறுவல், ஓட்டுக் கணவாய் என்றால் தொக்கு. அதே சமயத்தில் ரோட்டோரத்தில் நுங்கு வெட்டுவார்கள், அதற்குத் தடைக்காலம் கிடையாது.

இன்னொன்று எந்த மாதத்திலும் வரலாம். 1974-இல் இந்தியாவும் இலங்கையும் கடலில் போட்ட கோட்டைத் தாண்டியதாகச் சொல்லி இலங்கைக் கடற்படை படகுகளைப் பிடித்துக்கொண்டு போகும். எங்கள் ஊர்ப் பேர் செய்தித்தாளில் வருவது பெரும்பாலும் அப்போதுதான். அன்றைக்கோ மறுநாளோ வேலைநிறுத்தம் அறிவிப்பார்கள். தளம் வெறிச்சோடிக் கிடக்கும், டீக்கடையில் யாரும் உரக்கப் பேச மாட்டார்கள், சில கடைகள் அடுப்பே பற்றவைக்காது. அப்படிப்பட்ட நாளில் வந்து "ஏன் ஒண்ணுமே இல்ல?" என்று கடைக்காரரிடம் கோபப்பட்ட ஒரு குடும்பத்தைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கடைக்காரருடைய மச்சான் பிடிபட்ட படகில் போயிருந்தார்.

இவ்வளவும் படித்துவிட்டு, அதெல்லாம் இருக்கட்டும், எனக்கு மத்தியானம் மீன்தான் வேண்டும் என்று நிற்பவர்களுக்கு என் வழியைச் சொல்கிறேன். செவ்வாய், வியாழன், ஞாயிறு இதில் ஒரு நாளைப் பிடியுங்கள். காலை ஏழு மணிக்கு முன்னால் தளத்துக்கு வந்துவிடுங்கள். தளத்தருகே தட்டுக்கூடையோடு உட்கார்ந்து இட்லியும் இடியாப்பமும் விற்கும் அக்காமார் இருப்பார்கள். அங்கேயே பசியாறிக்கொள்ளலாம், சட்னி காரம் ஜாஸ்தி. ஏலத்தில் நீங்கள் நிற்க வேண்டாம், அது மொத்த வியாபாரிகளின் சண்டை. ஓரத்தில் கூறு கட்டி வைத்திருப்பார்கள், அதில் இரண்டு கூறு மீன், ஒரு கூறு நண்டு. ஊரில் மத்தியானச் சாப்பாடு போடுகிற சின்னக் கடைகளில், மீனை வாங்கிக் கொடுத்தால் செய்து தருகிறவர்கள் உண்டு. எல்லாரும் செய்ய மாட்டார்கள், முந்தின நாளே யாராவது உள்ளூர் ஆள் மூலமாகச் சொல்லி வைக்க வேண்டும். கூலியை முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள், மசாலா எண்ணெய் அதில் சேர்த்தியா என்றும் கேளுங்கள். குழம்புக்கு எது, வறுவலுக்கு எது என்று நீங்கள் சொல்லாதீர்கள், அது அவர்கள் முடிவு. பன்னிரண்டரைக்குச் சாப்பாடு ஆகும். அதற்குள் மணமேல்குடிப் பக்கம் கடற்கரையைப் பார்த்துவிட்டு வரலாம்.

ராமேஸ்வரத்துக்குக் குழம்பு கட்டிக்கொண்டு போவதாக இருந்தால் இறுக மூடுகிற பாத்திரம் நீங்களே கொண்டுவாருங்கள். பிளாஸ்டிக் பையில் கொடுத்தால் தொண்டி வருவதற்குள் காருக்குள் கொட்டிவிடும்.